எதிரணிக் கூண்டின் கதவு

ஐஸ் ஹொக்கித் திடலின் தண்டனைக் கூண்டுக்குள் வந்து உட்காருபவன் யாராயிருந்தாலும் அருள்நாயகி முதலில் பார்ப்பது அவனுடைய பல்லைத்தான். முன்பல் இரண்டும் போனவன், ஒன்று பாதி உடைந்தவன், வாய்க்காப்பைக் கடித்தபடியே முறைப்பவன் என்று ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வகைவகையாக வருவார்கள். ஆறடி உயரம், தோளில் கவசம், காலில் கத்தி பூட்டிய சப்பாத்து. சற்றுமுன் ஒருவனைப் பலகைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டு, அதற்குத் தண்டனையாக இரண்டு நிமிடம் வெளியே அனுப்பப்பட்ட ஆள். "இரு ராசா, இரு. ரெண்டு நிமிஷம்தானே" என்று வாங்கைக் காட்டுவார் அருள்நாயகி. அவனுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்துவிடுவான்.

பல் பார்ப்பது தொழிற் பழக்கம். வாரத்தில் ஐந்து நாள் பிளேஸ்டோவில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறார். ஐம்பத்தாறு வயது, சொந்த ஊர் மன்னார். ஞாயிறு காலை பூசையில் பாட்டுக்குழுவின் முன்வரிசை. மைக் தேவைப்படாத குரல் என்று பங்கில் பேர்பெற்றவர். பின்வரிசைக்காரர் அதையே வேறு விதமாகச் சொல்வதும் உண்டு.

ஐஸ் ஹொக்கி அவரைத் தேடி வரவில்லை. அவரும் தேடிப் போகவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் பஸ் வராமல் நின்றபோது, கழிவறை தேடிப் பக்கத்திலிருந்த பனித்திடலுக்குள் நுழைந்தார். உள்ளே 'ஹெரன்ஸ்' என்கிற உள்ளூர் அணி அடிவாங்கிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சி எட்டியும் பார்க்காத கீழ் லீக். இரண்டு கனடாக்காரருக்குத்தான் முழுச் சம்பளம். மற்றவர்கள் பகலில் தண்ணிக்குழாய் பூட்டுபவர்கள், தபால் போடுபவர்கள். ஏழுக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருந்த நேரத்திலும் ஒரு பெடியன் விழுந்து விழுந்து எழும்பி ஓடியதைப் பார்த்தாராம். "எனக்கு நெஞ்சு பொறுக்கேல்லை. விடாதை எண்டு கத்திப்போட்டன்" என்கிறார். போன காரியம் முடிந்ததா என்று இதுவரை சொன்னதில்லை.

அன்று தொடங்கிய 'விடாதை' பிறகு அவருடைய பகுதி முழுவதற்கும் தொற்றிக்கொண்டது. ஹெரன்ஸ் பந்துக்குப் பதிலான அந்தக் கறுப்பு ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு முன்னேறும்போது, பொருள் தெரியாத முந்நூறு ஆங்கிலேயர் "விடாதை! விடாதை!" என்று தகரக் கூரை அதிரக் கத்துவார்கள். கேட்கக் கண்கொள்ளாக் காட்சி என்றால் பிழையாகிவிடும். ஆனால் அப்படித்தான் இருக்கும்.

கணவர் றெஜினோல்டுக்கு இதெல்லாம் பிடிபடாத விஷயம். காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மேல்மாடிக் கபேயில் இரண்டு ஜக்கெட் போட்டுக்கொண்டு தேநீர்க் கோப்பையை அணைத்தபடி இருப்பார். "ஐஸ் எண்டது மீனுக்குப் போடுற சாமான். அதுக்கு மேல ஏறி நிண்டு சண்டை பிடிக்கிறதும் வேலையோ?" என்பது அவர் கட்சி. ஆனால் ஒரு ஞாயிறும் வராமல் இருந்ததில்லை.

போன செப்டெம்பரில்தான் சோதனை வந்தது. எதிரணியின் தண்டனைக் கூண்டுக்குக் கதவு திறந்துவிடும் முதியவர் கடற்கரை ஊருக்குக் குடிபோய்விட்டார். இரண்டு கூண்டுக்கும் ஆளில்லாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது என்பது விதி. சம்பளம் கிடையாது. அதைவிடப் பெரிய கஷ்டம், கதவில் நிற்பவர் எந்த அணிக்கும் சத்தம் போடக் கூடாது. கொடியும் இல்லை, சால்வையும் இல்லை, கறுப்பு ஜக்கெட் மட்டும். கழகத்தார் ஆள் கேட்டபோது முந்நூறு விசிறிகளும் தங்கள் சப்பாத்தையே பார்த்தார்கள். கையைத் தூக்கியவர் அருள்நாயகி. "நீயோ? வாயை மூடிக்கொண்டோ? பூசையிலயே ஏலாது உனக்கு" என்று றெஜினோல்ட் சிரித்தார்.

அவர் சிரித்ததும் நியாயம்தான். இரண்டாம் வாரமே ஹெரன்ஸ் ஒரு கோல் போட, "அடிச்சிட்டாங்கள்!" என்று கூண்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தில் எதிரணிக்காரன் வாங்கிலிருந்து துள்ளிவிட்டான். நடுவர் வழுக்கிக்கொண்டு வந்து, இன்னொரு சத்தம் வந்தால் கதவுக்கு வேறு ஆள் பார்க்கவேண்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆள் இல்லை என்பது அருள்நாயகிக்குத் தெரியும். "நான் போனா கதவுக்கு ஆளில்லை. ஆளில்லாட்டி ஆட்டமில்லை. பிறகு என்னத்துக்குக் கத்துறது?" அன்று முதல் வாயில் ஒரு இஞ்சி டொபியை அடக்கிக்கொண்டு நிற்கிறார். பல் வைத்தியரிடம் வேலை பார்ப்பவர் செய்யக் கூடாத காரியம்தான்.

கடமையில் நூல் பிசகமாட்டார். கூண்டில் ஒருவன் இருக்கும்வரை அவன் அணிக்குப் பனியில் ஓர் ஆள் குறைவு. ஒருமுறை ஹெரன்ஸ் ஒரு கோலால் முன்னுக்கு நிற்க, கூண்டுக்குப் பின்னால் நிற்கும் சிநேகிதி சுவர்ணா மெல்ல, "அக்கா, கொளுவி இறுகிப்போச்சு எண்டு ஒரு பத்து செக்கன் பிந்தித் திறவுங்கோவன்" என்றாள். கதவு நேரத்துக்குத் திறந்தது. சுவர்ணாவோடு பேச்சு வார்த்தை மூன்று நாள் கழித்துத்தான் திறந்தது.

இந்த மார்ச்சில் கடைசி ஆட்டம். வென்றால் ஒன்பது வருடத்துக்குப் பிறகு இறுதிச் சுற்று. தோற்றால் செப்டெம்பர் வரை வீட்டுச் சுவரைப் பார்க்கலாம். நேரம் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. மேலதிக நேரம் கொடுத்தார்கள், முதலில் கோல் போடுபவர் வென்றவர். அந்த நேரம் பார்த்து எதிரணித் தலைவன் ஒருவனைத் தட்டி விழுத்திவிட்டுக் கூண்டுக்கு வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், நரை விழுந்த தாடி. முன்பல் நாலும் கட்டினவை. "இரு ராசா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவனில்லாமல் ஓர் ஆள் குறைவாக அவர்கள் தடுத்தார்கள். அவன் பார்க்கமாட்டாமல் கையுறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அருள்நாயகியோ கண்ணிமைக்கவில்லை. கை கொளுவியில், கண் ஒருபொழுது மணிக்கூட்டில், ஒருபொழுது பனியில். கூரை முழுக்க அவர் கற்றுக்கொடுத்த சொல். அவர் மட்டும் அதைச் சொல்ல முடியாமல் நின்றார். தண்டனை முடியப் பதினொரு செக்கன் இருக்கும்போது ஹெரன்ஸ் அடித்த வட்டு வலைக்குள் போனது.

சங்கு ஊதியது. கையுறைகள் பறந்தன. ஹெரன்ஸ் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடந்தார்கள். சுவர்ணா கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தாள். "அக்கா, கத்துங்கோ! எல்லாம் முடிஞ்சுது, இனி ஆர் கேக்கப்போகினம்!" அருள்நாயகிக்குக் கண்ணால் நீர் வழிந்தது. கதவைத் திறந்து பிடித்தார். தலைவன் எழும்பவில்லை.

அவசரப்படுத்தவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு கதவைப் பிடித்தபடியே நின்றார். கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து, நன்றி என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்துவிட்டு இறங்கினான். அவன் பனியைக் கடந்து தன் ஆட்களோடு போய்ச் சேரும் மட்டும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைச் சாத்தினார், கொளுவியைப் போட்டார், பின்வாசலைத் திறந்து ஒரு படி இறங்கினார். குனிந்து, இரண்டு காலும் கூண்டுக்கு வெளியில்தான் நிற்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பிறகு வாயைத் திறந்தார்.