மிஸ்ஸியின் பேச்சை நான் நிறுத்திய மதியம்

அந்த மதியத்தை நினைத்தால் முதலில் என் கட்டைவிரல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆம்ப்ளிஃபயரின் கறுப்புத் திருகைப் பிடித்து இடப்பக்கமாக ஒரே திருப்பு. தென்னை மரத்தில் கட்டியிருந்த இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களும் அப்படியே அடங்கிப்போயின. ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. அன்னதானம் முடிந்து பந்தலுக்கடியில் பெண்கள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நேரம். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. திகாம் பத்து என்ற ஊரில் ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில் மைக் செட் வைத்திருந்தேன். கல்யாணமோ, காதணி விழாவோ, இழவு வீடோ, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் என் பெட்டிதான் பாடும்.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவரை நாங்கள் மிஸ்ஸி என்போம். எங்கள் பக்கத்தில் நர்சுகளுக்கு அதுதான் பெயர். நாற்பது வயது இருக்கும், கத்தோலிக்கர். நான்கைந்து தோட்டத்து மருந்தகங்களுக்கு முறைவைத்து மோட்டார் சைக்கிளில் வருவார். குழந்தைகளை எடை போடுவார், புண்ணுக்கு மருந்து கட்டுவார், அதட்டுவார். உடம்பில் காயத்தோடு வரும் சில பெண்பிள்ளைகளிடம் என்ன நடந்தது என்று கேட்டால், கூட வந்த தாய் தரையைப் பார்த்தபடி "கால்வாய்ல விழுந்துட்டா மிஸ்ஸி" என்பாளாம். ஒரே பதிலை எத்தனை தோட்டத்தில்தான் கேட்பது? அதனால்தான் அன்று, கோயில் தலைவராக இருந்த கிராணியிடம், அதாவது தோட்டத்து ஆபீஸ் எழுத்தரிடம், "சுகாதாரத்தைப் பத்திப் பத்து நிமிஷம் பேசணும்" என்று அனுமதி வாங்கியிருந்தார். கொசுவைப் பற்றிப் பேசப்போகிறார் என்று நினைத்துக் கிராணியும் தலையாட்டிவிட்டார்.

மிஸ்ஸி சுற்றிவளைக்கவில்லை. "பொம்பளைங்ககிட்ட அத்துமீறுறவன் எங்கேருந்தோ வர்றதில்ல. நமக்குத் தெரிஞ்ச ஆளுதான். நம்ம வேலை செய்யுற எடத்துக்கு வருவான், வீட்டுக்கு வருவான், மாமான்னு கூப்பிடுவோம். தப்புப் பண்றவன் நெஞ்ச நிமித்தி நடக்குறான், பாதிக்கப்பட்டவ தலையக் குனிஞ்சுக்குறா. இது என்னா நியாயம்?" முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மண்டோர் ஒருவர், வேலையாட்களை மேய்க்கும் ஆள், நாற்காலியில் நெளிந்தார். கிராணி என்னிடம் ஓடிவந்தார். "நிப்பாட்டுலா! கோயில்ல பேசுற பேச்சா இது? பாட்டப் போடு!"

நான் நிறுத்தினேன். பாட்டும் போட்டேன், சத்தமாக. மிஸ்ஸி மைக்கை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், மருந்தைத் துப்பிவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல. மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, நேராகப் பெண்கள் நடுவில் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் அவரைச் சுற்றி நெருங்கினார்கள். நான் நின்ற இடத்திலிருந்து அவர்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. அதில் ஒன்று என் தங்கையின் முதுகு.

சாயங்காலம் வீட்டில் அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டாள். "யாருண்ணே நிப்பாட்டச் சொன்னது?"

"கிராணி."

"ஏன்னு யோசிச்சுப் பாத்தியா?"

அவளுக்கு இருபது வயது. அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டினாள், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. முன்வரிசையில் நெளிந்த அந்த மண்டோர்தான் அவளுக்கு மேலாள். வெட்டைப் பார்க்கிறேன் என்று அவளுடைய நிரைக்கு, அவள் வெட்டும் மர வரிசைக்கு, வந்து வந்து நிற்பானாம். ஒருநாள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். மரம் வெட்டும் உளியின் பிடியால் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள். மறுநாளிலிருந்து ஆற்றோரத்துக் கடைசி நிரை அவளுக்கு. தனியாக. "அங்க நின்னு கத்துனா யாருக்குண்ணே கேக்கும்? நானாச்சும் தப்பிச்சிட்டேன். தப்பிக்காதவ ஒருத்தி இருக்கா. இன்னைக்கு மிஸ்ஸி மடியில தலைய வெச்சு அழுதா. நீ பாட்டுப் போட்டுக்கிட்டு இருந்த."

அம்மா கதவைச் சாத்தினார். தங்கைக்குச் சுங்கை பட்டாணியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். "வெளிய சொல்லிடாத தாயி" என்றார். என்னால் அம்மாவையும் கடிந்துகொள்ள முடியவில்லை. அவரைப் போலவே நானும் அன்று மதியம் ஒரு கதவைச் சாத்தியவன்தான்.

மறுநாள் மருந்தகத்துக்குப் போய் மிஸ்ஸியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தார். "அதெல்லாம் அப்புறம். உன் தங்கச்சி போலீஸ்ல சொல்ல வர்றாளான்னு கேளு. கட்டாயப்படுத்தாத. அவளா வரணும்" என்றார். அவளாகவே வந்தாள். தப்பிக்காத அந்தப் பெண்ணும் வந்தாள். இவர்களைப் பார்த்து இன்னும் ஐந்து பேர். ஏழு பெண்களும் மிஸ்ஸியோடு பஸ் ஏறிப் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த சார்ஜன், இத்தனை மாதமாக ஏன் யாரும் சொல்லவில்லை என்று மலாயில் கேட்டாராம். "இன்னைக்குத்தான் ஒருத்தர் கேக்குறீங்க" என்று மிஸ்ஸி மலாயிலேயே பதில் சொன்னாராம். அதன்பின் சார்ஜன் பேனாவை எடுத்து, ஏழு பேர் சொன்னதையும் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

விசாரணை தொடங்கியும் மண்டோர் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். மூன்றாம் நாள் விடியற்காலை, பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எந்தப் பெண்ணும் பால் வாளியைத் தூக்கவில்லை. நான் பெட்டியையும் கார் பேட்டரியையும் கொண்டுபோய்க் களத்தின் நடுவில் வைத்தேன். தங்கை மைக்கை வாங்கினாள். நான் சோதித்துப் பார்ப்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள், "ஹலோ, ஹலோ, ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பே அவளுக்குத் தெம்பாகிவிட்டது. "இந்த ஆளு இருக்குற வரைக்கும் நாங்க மரத்துப் பக்கம் போகமாட்டோம். எந்தப் பொம்பளையையும் தனியாக் கடைசி நிரைக்கு அனுப்பக்கூடாது. ரெண்டு ரெண்டு பேராத்தான் போவோம்."

கிராணி மறுபடியும் என்னிடம் ஓடிவந்தார். "நிப்பாட்டுலா!" நான் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "இது என் பெட்டிண்ணே. நீங்க போங்க." என் வாழ்க்கையில் நான் செய்த வீரச்செயல் இவ்வளவுதான். ஆண்கள் ஒவ்வொருவராக வாளியைக் கீழே வைத்தார்கள். தோட்டத்து மேனேஜர் வந்தார். நின்று முழுதும் கேட்டார். ரெண்டு ரெண்டு பேராகப் போவதற்கு அங்கேயே ஒத்துக்கொண்டார். வெயில் ஏறியபோது போலீஸ் ஜீப் வந்தது. மண்டோரை ஏற்றியதும் கூட்டத்திலிருந்து ஒருத்தி குலவையிட்டாள். பிறகு இன்னொருத்தி. பிறகு களம் முழுவதும். சாமி புறப்படும்போது மட்டும் நான் கேட்டிருந்த சத்தம் அது.

பலாத்கார வழக்கு முடியப் பல மாதங்கள் ஆயின. தப்பிக்காதவள் என்று தங்கை சொன்ன அந்தப் பெண் கூண்டில் நின்று, தலை நிமிர்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவனுக்குச் சிறை. மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். அம்மா அழுதார். "நல்லதாப் போச்சு, இப்பவே தெரிஞ்சிச்சே" என்று தங்கை சொன்னாலும், ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஆண்டுத் திருவிழா நோட்டீசில் அன்னதானத்துக்கு அடுத்த வரியாக 'மிஸ்ஸி உரை' என்று அச்சாகியிருந்தது. அச்சடிக்கக் கொடுத்தவர் அதே கிராணி.

அதற்குப்பின், எண்பதுகளின் பாதிவரை, ஞாயிறு பூசை முடிந்ததும் மிஸ்ஸி, தங்கை, நான், என் பெட்டி என்று தோட்டம் தோட்டமாகப் போனோம். கோத்தா கோலா மூடாவில் மீன் காயப்போடும் இடத்தில்கூடப் பேசியிருக்கிறார்கள். பிள்ளைகளிடம், "யாராச்சும் தொடக்கூடாத எடத்துல தொட்டா, கத்திக்கிட்டே ஓடிவா. ஒருத்தர் நம்பலன்னா இன்னொருத்தர்கிட்ட சொல்லு" என்பாள் தங்கை. பெரியவர்களிடம் மிஸ்ஸி சொல்வது ஒன்றுதான்: "புள்ள சொன்னா மொதல்ல நம்புங்க."

இன்று அந்த மரங்கள் இல்லை. அடுக்கு வீடுகள் நிற்கின்றன. பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்களாம். கேட்கும்போது எனக்குக் கரங்கான் பக்கத்துத் தோட்டம் ஒன்றுதான் கண்ணில் நிற்கும். அன்று பேச்சு முடிந்து நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். எட்டு வயதுப் பெண்பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒரு தாய் வந்தாள். "நேத்து இவ என்னமோ சொன்னா மிஸ்ஸி. பொய் சொல்றான்னு அடிச்சிட்டேன்" என்றாள். மிஸ்ஸி வாயைத் திறக்குமுன்பே அவள் செம்மண் தரையில் முட்டிபோட்டு மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மறுபடி சொல்லு தாயி. இந்தவாட்டி அம்மா கேக்குறேன்."

பிள்ளை அவள் காதில் சொன்னாள். தாய் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, போலீஸ் நிலையம் போக லோரி வேண்டும் என்றாள். டிரைவர் லோரியைக் கொண்டுவருவதற்குள் செய்தி தொழிலாளர் வீடுகளில் லயத்துக்கு லயம் பரவிவிட்டது. சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஏறினார்கள். லோரியில் இடம் போதவில்லை. ஏற முடியாதவர்கள் பின்னாலேயே நடந்தார்கள்.