பதினெட்டில் மட்டும் மெய்

அப்பா, வெர்லின் டோஸ்ரூட், பிப்ரவரி ஒன்பதாம் தேதி இறந்தார். இதயம். வயது எழுபத்தொன்று. முப்பத்தொரு ஆண்டுகள் மோன்டானாவில் எங்கள் மாவட்டத்துக்காக கிரேடர் வண்டி ஓட்டினார். குளிர்காலத்தில் பனியைத் தள்ளுவார், கோடையில் சரளைச் சாலையைச் சமன்செய்வார். நவம்பரில் எல்க் மான் வேட்டை. வருடத்துக்கு ஒரு வேட்டை அனுமதிச் சீட்டு, ஒரு மான், உறைபெட்டி நிறைய இறைச்சி.

நான் லென்ஸ் வடிவமைப்பவள். அதனால் இரண்டு வருடங்களுக்கு முன் துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் புது ஸ்கோப் வாங்கும் பேச்சு வந்தபோது என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார்.

தூரம் கூடக் கூடக் குண்டு தாழ்ந்து விழும் என்பதால், ஸ்கோப்பின் நடுக்குறிக்குக் கீழே தூரத்துக்கு ஒன்றாகக் கோடுகள் இருக்கும். அந்தக் குறிக்கோடுகள் பொறித்த தகட்டை உள்ளே இரண்டு இடங்களில் வைக்கலாம். முதல் தளத்தில் இருந்தால், பவரை, அதாவது உருப்பெருக்கத்தை, கூட்டும்போது கோடுகளும் கூடவே பெரிதாகும். எந்தப் பவரிலும் அவை காட்டும் அளவு சரி. ஆனால் பவரைக் குறைத்தால் கோடு மயிரிழையாகிவிடும். இரண்டாம் தளத்தில் கோடு எப்போதும் ஒரே தடிமன். ஆனால் அளவு ஒரே ஒரு பவரில்தான் மெய். நாங்கள் பார்த்ததில் அது பதினெட்டு.

அப்பாவுக்கு வலக்கண்ணில் புரை விழுந்திருந்தது. இரண்டிலும் பார்த்தார்.

"முதல் தளம்னு நீ சொல்றதுல கோடே தெரியல பாப்பா. காட்டுல போய் சிலந்தி நூல் தேடவா?"

"அப்போ இரண்டாவதே எடுங்க. ஆனா பதினெட்டுல வச்சாத்தான் கீழ்க்கோடெல்லாம் சரியா இருக்கும்."

"பாத்தியாப்பா, எம்மக எனக்குப் பாடம் எடுக்கறா," என்று கடைக்காரரிடம் சிரித்தார்.

நடுக்குறி மட்டும் எந்தப் பவரிலும் மாறாது. மேல்குமிழைத் திருகித் தூரத்தைச் சரிசெய்துவிட்டு நடுக்குறியாலேயே சுடச் சொல்லியிருக்கலாம். குமிழ் திருக அவர் கையுறையைக் கழற்ற வேண்டும், அது அவருக்குப் பிடிக்காது. விட்டுவிட்டேன்.

போன நவம்பரில் பொழுது சாயும் நேரம், நானூறு கெஜத்தில் ஒரு ஆண் எல்க். பக்கத்துப் பண்ணை எல்டன் கூட இருந்தார். அப்பா இரண்டாவது கோட்டை வைத்துச் சுட்டார். மான் விழுந்தது, எழுந்தது, மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டு நாள் இரத்தத் தடத்தைப் பிடித்து நடந்தார்கள். மூன்றாம் நாள் பனி பெய்து தடத்தை மூடியது.

"தோலைக் கிழிச்சிருக்கும், அவ்வளவுதான். இந்நேரம் எங்கயோ மேஞ்சுக்கிட்டு உன்னைப் பாத்துச் சிரிக்கும். சீட்டை உள்ள வைடா, வேட்டைக் காலம் முடிய இன்னும் எட்டு நாள் இருக்கு," என்றார் எல்டன்.

அப்பா கத்தியை எடுத்து, மான் கிடைத்தவர்கள் செய்வதுபோலச் சீட்டில் மாதத்தையும் தேதியையும் வெட்டி அதை முடித்துவைத்தார். இரத்தம் சிந்த வைத்தால் அது உன் மான். அந்த வருடம் முடிந்தது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அப்பா போன்றவர்கள் சொல்வார்கள்.

"இல்லாத மானுக்குச் சீட்டு வெட்டினவன் நீ ஒருத்தன்தான்டா," என்றாராம் எல்டன்.

ஞாயிறன்று அப்பா எனக்குப் போன் செய்தார்.

"கை ஆடிப்போச்சு பாப்பா."

"பவர் எதுல வச்சிருந்தீங்க?"

"இருட்டிக்கிட்டு வந்துச்சு. வெளிச்சம் கூடட்டும்னு பவரைக் குறைச்சேன். பன்னெண்டு. ஏன்?"

பதினெட்டைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒன்றரை. இரண்டாவது கோடு மூன்றாவதன் வேலையைச் செய்திருக்கிறது. நானூறு கெஜத்தில் குண்டு பதினான்கு அங்குலம் மேலே போயிருக்கும். கணக்குப் போட நான்கு விநாடிகூட ஆகவில்லை.

"சும்மா கேட்டேன். காத்தா இருக்கும்ப்பா," என்றேன்.

உண்மையைச் சொன்னால், மறந்தது தன் குற்றம் என்று உடைந்துபோவார் என நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம். தேர்ந்தெடுத்தது நான் என்பதையும் அப்போது சேர்த்துச் சொல்லலாம்.

கிறிஸ்துமஸுக்குப் போனபோது துப்பாக்கி எண்ணெய் பூசித் துணியில் சுற்றி அலமாரியில் இருந்தது. உறைபெட்டியில் கடை மாட்டிறைச்சி.

"இனிமே சீட்டு வாங்கப் போறதில்ல. கை போச்சு. நடுங்கற கையால இன்னொரு உசுரை அரைகுறையா விடக் கூடாது," என்றார்.

காப்பிக் கோப்பையை ஒரு கையில் பிடித்திருந்தார். அது ஆடவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அண்ணன் குடும்பம் உள்ளே வந்தது. பேச்சு மாறியது. மூன்று நாள் இருந்தேன், பிறகு திரும்பிவிட்டேன்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. எல்டன் என் எதிரே தட்டோடு உட்கார்ந்தார்.

"கை போச்சு கை போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான், கிறுக்கன். போன மாசம் என் கொட்டகைக் கதவுக்கு ஆணி அடிச்சுக் குடுத்தான். ஒண்ணுகூட வளையல. இப்பவும் அந்த மானைத்தான் நெனச்சுக்கிட்டே போயிருப்பான்."

"கை இல்ல, எல்டன் மாமா."

காகிதக் கைத்துண்டில் இரண்டு வட்டம் போட்டேன். பதினெட்டில் கோடு எங்கே, பன்னிரண்டில் எங்கே என்று குறித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பா போன் பண்ணின அன்னிக்கே."

அவர் காப்பி எடுத்து வருவதாக எழுந்து போனார். கோப்பையை நிரப்பிக்கொண்டு வேறு மேசையில் உட்கார்ந்துகொண்டார்.