தம்பிக்காகப் போனவள்

எழுபத்திரண்டில் நான் மெட்ராஸுக்குப் படிக்க வந்தபோது தி. நகரில் பெரியப்பாவின் ஜவுளிக்கடை இருந்தது. கடைக்கு மேலேயே வீடு. அங்கே கடைப் பையன்களும் மூட்டைகளும் போக ஒரு பெண் படுப்பதற்கு இடமில்லை. அதனால் அப்பா என்னை அடையாற்றில் ஒரு விடுதியில் சேர்த்தார். வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் பெண்களுக்காக நடந்த விடுதி அது. அவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று உள்ளூர்ப் பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய பங்களா, முன்னால் தூங்குமூஞ்சி மரங்கள். மாடியில் கடைசி அறையில் என்னோடு இருந்தவள் எத்தியோப்பியாவிலிருந்து வந்திருந்தாள்.

என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். தாவரவியல் படித்தாள். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் மயிலாப்பூர்க்காரராம். மேல்படிப்பு என்றால் மெட்ராஸ்தான் என்று அவர் சொல்லிச் சொல்லி, உதவித்தொகை கிடைத்ததும் இங்கே வந்துவிட்டாள். வந்து இறங்கிய நாளில் அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் விடுதியில் பெருக்கித் துடைக்க வரும் ஆயாவிடம். ஆகவே அவள் பேசியது ஆயாவின் தமிழ். காலையில் என்னை எழுப்பும்போது, “இன்னா பாப்பா, இன்னும் தூங்கிக்கினு கீற?” என்பாள். ஆயா என்னைப் பாப்பா என்றதால் அவளுக்கும் நான் பாப்பாதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெரியப்பா கடைக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைத் துணி, ஓரத்தில் சிவப்புக் கரை வேண்டும் என்று கேட்டாள். பெரியப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை.

“ஏளா, அந்தப் பிள்ளைக்கு நல்ல கலர்ல ஒண்ணு எடுத்துக் குடு. சின்னப் பிள்ள, வெள்ளைய எதுக்குக் கேக்கா?” என்றார் என்னிடம்.

“எங்க ஊர்ல பண்டிகைக்கு வெள்ளதான் நைனா” என்றாள் அவள். பெரியப்பா வாயடைத்துப் போய் அவளையே பார்த்தார். கடைப் பையன்கள் மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள். கடைசியில் அவள் எடுத்தது ஒரு எட்டு முழ வேட்டி. அதைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, பெரியப்பாவே, “நல்லாத்தான் இருக்கு” என்றார்.

விடுமுறை நாட்களில் மயிலாப்பூரில் பச்சைக் காப்பிக்கொட்டை வாங்கி வந்து, சமையலறையில் தோசைக்கல்லிலேயே வறுப்பாள். பக்கத்தில் சாம்பிராணி புகையவேண்டும். நாங்கள் எல்லோரும் தரையில் உட்காரவேண்டும். ஊற்றிக்கொடுத்துவிட்டுத் தன் தம்பியைப் பற்றிப் பேசுவாள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா, அவள், தம்பி, அவ்வளவுதான் குடும்பம். தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். நன்றாகப் படிப்பான், வாய் அதிகம், யாருக்கும் அடங்கமாட்டான் என்பாள். அதைக் குறையாகச் சொல்லமாட்டாள்.

விடுதியை நடத்தியவர் சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்மணி. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. ஆண்டுதோறும் நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று மாலை கூடத்தில் எங்களை உட்காரவைத்து, அந்த விடுதியில் தங்கிப் படித்து இறந்துபோனவர்களின் பெயர்களைச் சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி. நான் சேர்ந்த காலத்தில் அவர்கள் சிலர்தான். எலியட்ஸ் பீச்சில் குளிக்கப் போய் அலை இழுத்துக்கொண்ட மலேசியப் பெண், படிப்பு முடித்து மொரீஷியஸ் திரும்பித் தலைப்பிரசவத்தில் இறந்தவள், இப்படி. எந்த மதத்துப் பெண்ணாக இருந்தாலும் மிஸ்ஸுக்கு ஒன்றுதான். “இந்த வீட்ல சாப்பிட்ட பிள்ளைங்க” என்பார். வேறு விளக்கம் சொல்லமாட்டார்.

எழுபத்து நான்கில் அவள் நாட்டு ராஜாவைப் பட்டாளத்துக்காரர்கள் இறக்கினார்கள். செய்தி கேட்ட அன்று அவள் கூடத்தில் ஆடினாள், ஆயாவையும் கையைப் பிடித்து இழுத்து ஆடவைத்தாள். இனி ஏழைகளுக்கு நிலம் கிடைக்கும், எல்லோரும் படிப்பார்கள் என்றாள். அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் மாலையானால் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடமிருந்து வரும் கடிதங்கள் பிரித்து ஒட்டப்பட்டு வந்தன. அவற்றில் மழை, விலைவாசி தவிர வேறு ஒன்றும் இருக்காது. தம்பி கல்லூரிக்குப் போயிருந்தான். அங்கே மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று டெல்லியில் படித்த அவள் ஊர்க்காரர்கள் மூலம் தெரியவந்தது.

எழுபத்தேழில் நான் படிப்பை முடித்து மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இருந்தாலும் விடுதியை விடவில்லை. அவள் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தாள். ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பியபோது கட்டிலின் மேல் பெட்டி திறந்திருந்தது.

“தம்பிய புட்சிக்கினு பூட்டாங்க” என்றாள்.

டெல்லியிலிருந்து அவள் ஊர்க்காரர் ஒருவர் வந்து சொல்லியிருந்தார். அம்மாதான் சொல்லி அனுப்பியிருந்தார். எந்தச் சிறை, என்ன குற்றம், ஒன்றும் தெரியாது.

நான் கீழே ஓடிப்போய் மிஸ்ஸைக் கூட்டிவந்தேன். அவர் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீ போய் என்னம்மா செய்ய முடியும்? அங்க யார்கிட்டப் போய்க் கேப்பே? உன்னையும் பிடிச்சா?”

“நான் ஒண்ணும் பண்ணல மிஸ். என்னை எதுக்குப் புடிக்கணும்?”

“அவன் மட்டும் என்னம்மா பண்ணினான்?”

அவள் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், “அம்மா தனியா கீது மிஸ்” என்றாள். மிஸ் எழுந்து போய்ப் பயணத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளைத் தொலைபேசியில் செய்யத் தொடங்கினார்.

மீனம்பாக்கத்தில் பம்பாய் விமானத்துக்கு வழியனுப்ப நானும் ஆயாவும் போனோம். ஆயா ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய் கொடுத்தாள். “போய்ச் சேந்ததும் காயிதம் போடு கண்ணு” என்றாள். அவள் தலையாட்டினாள். பம்பாயிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்த நவம்பரில் கூடத்தில் பெயர்களைச் சொல்லி முடித்ததும், பின்னால் நின்றிருந்த ஆயா அவள் பெயரை மெல்லச் சொன்னாள். மிஸ் சட்டென்று திரும்பினார்.

“உயிரோட இருக்கிறவங்க பேரை இதுல சேர்க்கக்கூடாது” என்றார். அவர் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அது தெம்பாக இருந்தது. அடுத்த நவம்பரில் யாரும் அவள் பெயரை எடுக்கவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று மிஸ்ஸும் சொல்லவில்லை. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி மந்தைவெளிக்குக் குடிவந்திருந்தேன். நான் எழுதிய கடிதங்கள் எதற்கும் பதில் இல்லை.

எழுபத்தொன்பதில், மழைக்காலம் தொடங்கும் முன்னால், ஒரு சனிக்கிழமை ஆயா வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மிஸ்ஸு உன்ன இட்டாரச் சொன்னாங்க. அந்தப் பொண்ணோட தம்பி வந்துகீது.”

“தம்பியா? அவனை விட்டுட்டாங்களா? அவ எங்க?”

“எனக்கின்னா தெரியும் பாப்பா? அந்தப் புள்ள மூஞ்சப் பாத்தா ஒண்ணும் கேக்கத் தோணல.”

விடுதியின் முன்னறையில் அவன் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். யாரோ கொடுத்த பெரிய சட்டை போட்டிருந்தான். நெற்றியும் புருவமும் அப்படியே அவளுடையவை. அகதிகளுக்கான உதவியில் மெட்ராஸில் படிக்க இடம் கிடைத்து வந்திருந்தான். அக்கா இருந்த ஊர் என்று கேட்டு வாங்கியிருந்தான். மிஸ் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

மீதியை அவன் ஆங்கிலத்தில் சொன்னான். அவனை யாருமே பிடிக்கவில்லை. பிடிக்க வருகிறார்கள் என்று தெரிந்து நண்பர்களோடு தலைமறைவானான். வீட்டுக்கு வராத மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதை அம்மா நம்பிவிட்டார், மகளுக்கும் அதையே சொல்லி அனுப்பினார். அக்கா விமானத்திலிருந்து இறங்கிய சமயத்தில் அவன் சூடான் எல்லையை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அவனைத் தேடி வந்தவர்கள் வீட்டில் அக்காவைப் பார்த்தார்கள். தம்பி வரும்வரை நீ வா என்று கூட்டிப்போனார்கள். சில வாரம் கழித்து ஒரு காலையில் சாலையோரம் போட்டிருந்த உடல்களில் அவளும் கிடந்தாள். அம்மா போய்ப் பார்த்தார். அழுதால் அதுவும் குற்றம் என்று காவலுக்கு நின்றவன் சொன்னானாம். அம்மா அழாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்திருக்கிறார். அகதி முகாமுக்குப் பல மாதம் கழித்து வந்து சேர்ந்த அவன் தெருக்காரர் ஒருவர் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். “எனக்காகத்தான் போனாளா? போகும்போது என்ன சொன்னாள்?”

“அம்மா தனியாக இருக்கிறார் என்று சொன்னாள்” என்றேன். அதுவும் அவள் சொன்னதுதான்.

“நீங்கள் நல்லவர்” என்றான். நம்பவில்லை என்பதை அதைவிட மரியாதையாக யாரும் சொல்லமுடியாது.

அவள் இருந்த அறையைப் பார்க்கவேண்டும் என்றான். மாடிக்கு ஆண்களை விடும் வழக்கம் இல்லை. மிஸ் எழுந்து, “வாப்பா” என்று தானே முன்னால் படியேறினார். அறையில் வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள். கொடியில் ஈரத்துணி தொங்கியது, மேசை நிறையப் புத்தகங்கள். அவளுடையது என்று அங்கே எதுவும் இல்லை. எந்தக் கட்டில் என்று கேட்டான். ஜன்னலோரம் இருந்ததைக் காட்டினேன். அதில் உட்கார்ந்திருந்த பெண் பதறி எழுந்தாள். வேண்டாம், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப்போனான்.

அந்தக் கல்லறைத் திருநாளில் மிஸ் அவள் பெயரைச் சொன்னார். நாங்கள் யாரும் சரியாக உச்சரிக்காத அந்தப் பெயரை அவனிடம் கேட்டுப் பழகியிருந்தார். கூடத்தில் இருந்த பெண்களில் ஒருத்திக்குக்கூட அவளைத் தெரியாது. ஆயா மட்டும் சுவரோடு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். புதிதாக வந்த ஒரு பெண் என் அருகில் வந்தாள்.

“உங்க சொந்தக்காரங்களா அக்கா?”

“இல்ல. ரூம்மேட்.”

“ஓ” என்றாள். இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு தன் தோழிகளிடம் போனாள்.

அவனையும் மிஸ் அழைத்திருந்தார். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் வந்து நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூப்பிட வெளியே போவதற்குள் போய்விட்டிருந்தான்.

கல்லூரிக்கு அவன் அதிக நாள் போகவில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறான் என்று ஆயா சொன்னாள். ஒருமுறை என் கணவரோடு போய்ப் பார்த்து, வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். வருகிறேன் என்றான், வரவில்லை. பிறகு டெல்லிக்குப் போனான், வேறு நாட்டுக்குப் போக விண்ணப்பித்திருக்கிறான் என்றார்கள். அதன்பின் தகவல் இல்லை.

அடுத்த ஆண்டு மிஸ் உடல்நலம் கெட்டு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர்கள் வெளிநாட்டுப் பெண்களைச் சேர்ப்பதை நிறுத்தி, வேலைக்குப் போகும் பெண்களுக்கு அறைகளைக் கொடுத்தார்கள். பெயர் சொல்லும் பழக்கமும் நின்றது.

கடற்கரையில் அவனைப் பார்த்த அன்று, அம்மாவுக்கு எழுதினாயா என்று கேட்டேன். எழுதினால் அவரைத்தான் பிடிப்பார்கள், எழுதமாட்டேன் என்றான். அந்த அம்மாவுக்கு மகன் உயிரோடு இருக்கிறான் என்று யாராவது சொன்னார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.