எல்லா நிறுத்தத்திலும் நின்ற ஊர்வலம்

வாசல் கதவைத் திறந்து, இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை, பிறகு உள்ளே திரும்பி, "ஏறியாச்சா?" என்று கேட்பார் டிரைவர். அதன் பிறகுதான் படி இறங்குவார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்று வருஷங்களாகிவிட்டன. வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு இல்லை. "நான் என்ன உங்க பஸ்ஸுலயா வரேன்?" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவார் அவருடைய வீட்டுக்கார அம்மாள்.

அம்மாளுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இயந்திரம் ஓடி முடியும்வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார் டிரைவர். சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், நர்ஸைக் கூப்பிட்டுவிடுவார். நர்ஸும் அவரைத் திட்டிக்கொண்டே டீ வாங்கித் தருவார்.

இந்தச் சிகிச்சை முழுவதும் ஓய்வூதியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் நடக்கிறது. அதற்காக வேலை பார்த்த காலமெல்லாம் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அதை யாராவது சலுகை என்றால் மனிதருக்குச் சுர்ரென்று ஏறிவிடும். "சலுகையா? அந்த வெயில்ல இன்ஜின் பக்கத்துல உக்காந்து வெந்தது யாரு, உங்க மாமாவா?" என்பார்.

போன மாதம் அறிவிப்பு வந்தது. இனிமேல் காப்பீடு ஓய்வு பெற்றவருக்கு மட்டும்தானாம்; கணவனுக்கோ மனைவிக்கோ கிடையாதாம். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஓய்வு பெற்றோர் சங்கத்துக்குப் போய் மேசையைத் தட்டினார். ஓய்வூதிய அலுவலகத்துக்கு ஊர்வலம் என்று முடிவானது. அதோடு விட்டாரா? பணிமனையில் பஸ் கழுவிய பெண்களுக்குப் பென்ஷனும் இல்லை, காப்பீடும் இல்லை, அவர்களையும் சேர்க்கச் சொல்லுவோம் என்று அடுத்ததைப் போட்டார். இருக்கிறதைக் காப்பாற்றினால் போதாதா என்று செயலாளர் முகம் சுளித்தார்.

"பயந்துக்கிட்டே கேட்டா இருக்கிறதையும் பிடுங்கிடுவான். அவங்க கழுவுன பஸ்ஸைத்தானே நாம ஓட்டினோம்? கேப்போம்."

ஊர்வலத்தன்று அம்மாளுக்கு டயாலிசிஸ் இல்லை. வீட்டிலேயே படுத்திருக்கச் சொல்லிவிட்டு டிரைவர் முன்வரிசையில் நடந்தார். அவர் பஸ் ஓட்டிய அதே வழி. முதல் நிறுத்தம் வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்களும் டிரைவர், கண்டக்டர்கள்தானே. யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. அத்தனை பேரும் நின்றார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். எங்கள் அம்மாவுக்கும் இதே கதிதான் என்று ஒருத்தி கூடவே கிளம்பினாள். அடுத்த நிறுத்தத்திலும் நின்றார்கள், அங்கே இன்னும் நாலைந்து பேர். இப்படிப் போனால் ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போய்விடுவான் என்று செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். டிரைவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. கால் கேட்டால்தானே!

மருத்துவமனை நிறுத்தத்தில், பஸ் கழுவும் பெண்களோடு அம்மாளும் நின்றிருந்தார்.

"உன்னை வீட்ல இருன்னு சொன்னேன்ல?"

"நீங்க இங்க நிக்காம போயிடுவீங்களா? அதான் வந்து நின்னேன்."

ஓய்வூதிய அலுவலகத்தை அடைந்தபோது கூட்டம் தெருவை அடைத்திருந்தது. மூடும் நேரம் நெருங்கிவிட்டது. ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். டிரைவர் போனார். அதிகாரி கடுகடுப்பானவர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், அம்மாளின் உடம்பைப் பற்றி விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கூட்டத்தைக் கலைத்துவிட்டால் அந்த அம்மாளுக்கு மட்டும் விதிவிலக்கு வாங்கித் தருகிறேன் என்றார்.

தாலி கட்டியவளின் உயிரைத் தட்டில் வைத்து நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? டிரைவருக்கும் ஆசை வந்தது. வந்த ஆசையின் மேலேயே கோபமும் வந்தது.

"ஒரே ஒரு ஆளை ஏத்திக்கிட்டு, நிக்கிறவங்களை விட்டுட்டுப் போற வேலை நான் பார்த்ததில்ல சார். அவளும் அப்படி ஏற மாட்டா."

எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். அலுவலகத்தின் வாசல் கதவை மூட முடியாதபடி அதை நட்டநடுவில் போட்டு, அம்மாளைக் கைப்பிடித்து உட்காரவைத்தார்.