கறுப்புக்குதிரை கேட்ட விலை

அவளை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து ஆஸ்பத்திரி பில்களை அடித்துக்கொண்டிருந்த ஒரு கூடத்தில் விழுந்த பெயர் அது. மற்றவர்கள் அடித்தால் தூறல். இவள் அடித்தால் பக்கத்து மேஜைத் தண்ணீர் டம்ளர் நடக்க ஆரம்பிக்கும்.

ஏழு வருடம் ஓடியது. எட்டாவது வருடம் ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். அவருக்குப் பேச்செல்லாம் மூக்கு வழியாகத்தான். "என்னம்ம்மா, இன்னிக்கி வெரலெல்லாம் தூங்குதா? நான் வேணா எழுப்பி விடட்டுமா?" என்று தோளில் கையை வைத்தார். இடி கீபோர்டை ஒயரோடு பிடுங்கினாள். நாற்காலி சுழன்ற வேகத்திலேயே ஒரு வீச்சு. மூக்கெலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டதாம். அந்த ஆள் அதற்கப்புறம் ஆறு வாரம் வாயாலேயே பேசினார் என்பது கூடுதல் செய்தி.

வேலை போயிற்று. கீபோர்டு கையில் தங்கிவிட்டது. அடியில் இரும்புத் தகடு வைத்த அந்தக் காலத்துச் சாமான், இரண்டரைக் கிலோ. ஒரு பட்டன்கூடக் கழலவில்லை. வீட்டில் சும்மா கிடப்பானேன் என்று தம்பி அதைப் படம்பிடித்து ஏல வெப்சைட்டில் போட்டான். ஒரு வாரத்தில் நாலு பேர் அதற்காக முட்டிக்கொண்டார்கள். நீயா நானா என்று விலை ஏற ஏற, போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இடிக்கு உடம்பெல்லாம் சூடேறியது. முகம் தெரியாத நாலு தடியன்கள் தன் பொருளுக்காகச் சட்டையைக் கிழித்துக்கொள்கிறார்கள்! பிறந்ததிலிருந்து அவளுக்காக ஒருவரும் பஸ்ஸில் இடம்கூடப் பிடித்து வைத்ததில்லை.

அன்று பிடித்த வெறிதான். பதினொரு வருடம் அதே தொழில்.

மூன்றாவது மாடி, இரண்டு அறை, கீழே வெல்டிங் பட்டறை. மூடிப்போன ஆபீஸ்களிலிருந்து பழைய கீபோர்டுகளை மூட்டை மூட்டையாக ஏலத்தில் எடுப்பாள். பட்டன்களைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவாள். அடியில் சேர்ந்திருக்கும் முடி, நகத்துண்டு, ரப்பர் தூள் எல்லாவற்றையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டுவாள். மஞ்சளித்துப் போன மூடிகளுக்குத் தலைமுடியை வெளுக்கவைக்கும் கிரீமைப் பூசி மொட்டை மாடி வெயிலில் காயவைப்பாள். கையுறை போட மாட்டாள். விரல் நுனியெல்லாம் வெந்து வெள்ளையாகத்தான் இருக்கும். கடைசியாகச் சோதனை. சோதனை என்றால் அடி. கீழே வெல்டர் தலையில் காரை உதிரும்.

"தாயே!" என்று அவன் அங்கிருந்து கத்துவான். "நான் இரும்பைத்தான் ஒட்டறேன், நீ ஏன் என் மண்டையப் பொளக்கற?"

"மண்டையில ஏதாவது இருந்தாத்தானே பொளக்கும்? உன் வேலையப் பாருடா!"

படம் எடுப்பது, வெப்சைட்டில் போடுவது, வருகிறவர்களுக்குப் பதில் எழுதுவது எல்லாம் உள்ளறையில் இருக்கும் தம்பியின் வேலை. முப்பத்துநாலு வயது, குச்சி என்று பெயர், பெயருக்கு ஏற்ற உடம்பு. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஏலம் முடியும். இடி வெளி அறையில் போனோடு உட்கார்ந்துகொண்டு, குத்துச்சண்டை பார்ப்பவள் மாதிரி கத்துவாள். "விடாதடா! அவன் கழுத்தப் புடி! அப்படிப் போடு!" கடைசி மூன்று விநாடியில் பாய்ந்து விலை கேட்பதற்கு அந்த வட்டாரத்தில் கழுத்தறுப்பு என்று பெயர். கறுப்புக்குதிரை என்று ஒருவன் இருந்தான், கழுத்தறுப்பில் மன்னன். அவன் வந்தாலே விலை பறக்கும்.

ஆனால் வருடத்தில் நாலைந்து தடவை அந்தக் கறுப்புக்குதிரை ஜெயித்துவிட்டுப் பின்வாங்கிவிடுவான். "வேணாங்கறான்க்கா" என்று குச்சி வந்து தலையைச் சொறிவான். பொருள் மறுபடியும் ஏலத்துக்குப் போகும். இடி விடுவாளா? தன் வெந்த விரலால் அவனுக்கே எழுதுவாள்: "டேய் நொண்டிக் குதிரை, ஆம்பளையா இருந்தா சொன்ன விலைக்கு எடு. இல்ல நேர்ல வா, பல்லப் பேத்து உன் கையிலயே குடுக்கறேன்." பத்து நிமிடத்தில் பதில் வரும்: "மதிப்பிற்குரிய அம்மணி, தவிர்க்க முடியாத சூழ்நிலை. தங்கள் கோபம் நியாயமானது. மன்னிக்கவும்." இந்த மரியாதைதான் அவளுக்கு இன்னும் எரியும்.

நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

மணி பன்னிரண்டு. மேஜைமேல் துறைமுக ஆபீஸ் ஒன்றிலிருந்து வந்த பழுப்பு நிறக் கீபோர்டு. போன வாரம் கறுப்புக்குதிரை எடுத்துவிட்டுப் பின்வாங்கியதால் மூன்றாவது தடவையாக ஏலத்துக்குப் போகவிருந்தது. அதற்காக அவனுக்கு வசவு எழுதி அனுப்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவு தட்டப்பட்டது. திறந்தால், நிலையை அடைத்துக்கொண்டு ஒரு ஆள். கையில் லிஃப்ட் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் நீளமான ஸ்பேனர். இன்னொரு கையில் ஒரு காகித உறை. குரல் மட்டும் தாலாட்டு மாதிரி.

"நீங்கதான் இடியா? வணக்கம்க்கா. நான் பொறுமைசாலி."

வெப்சைட்டில் அவன் பெயர் அதுதான். இவள் பொருளுக்கு இரண்டு வருடமாக மோதுகிறவன். போன மாதம் ஒரு பை உதிரிப் பட்டன் வாங்கியிருந்தான். பார்சலின் மேல் இருக்கும் முகவரிக்காகத்தான் அதை வாங்கினான் என்பது இடிக்கு அப்போது தெரியாது. வாடிக்கையாளர் வீடு தேடி வந்துவிட்டாரே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மெக்கானிக் உறையிலிருந்து மூன்று படங்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தான். "இது ரெண்டு மாசம் முன்னாடி போட்டது. இது போன வாரம். இது இன்னிக்கிப் போடப்போறதா அறிவிச்சது. ஸ்பேஸ் பாரைப் பாருங்க. எடது பக்கம் மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கு. எடது கட்டைவிரலால அடிச்ச ஆளு. ஓரத்துல பிறை மாதிரி ஒரு நகக் கீறல். மூணும் ஒரே பொருள்."

"ஆமா, ஒண்ணுதான். எடுத்தவன் பின்வாங்கிட்டான், அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"ஒரே ஆளு ரெண்டு வருஷத்துல பத்து தடவ பின்வாங்குவானாக்கா? அந்தக் கறுப்புக்குதிரை வேற எவன்கிட்டயும் ஒரு ஆணிகூட வாங்கினதில்ல. உங்ககிட்ட மட்டும்தான் கேக்கறான். வெலய ஏத்திவிடறான். ஏத்தும்போது கை தவறினா தானே ஜெயிச்சு மாட்டிக்கறான்." மெக்கானிக் ஸ்பேனரை வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்தான். தோல் ஒரு பட்டையாக உரிந்து, ரோஜா நிறத்தில் புதுத்தோல் வந்திருந்தது. "போன வாரம் பதினாறாவது மாடியில கயித்துல தொங்கிட்டே ஒரு கையால ஏலம் கேட்டேன். ஜெயிச்சிட்டேன்னு நெனச்ச நேரம் கழுத்தறுத்துட்டான். போன் லிஃப்ட் குழிக்குள்ள போச்சு. பின்னாலயே நானும் போயிருப்பேன். கயிறு தோலைத் தின்னுடுச்சு. உங்க ஆளை ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

"என்னுது ஆளு வெச்சு வெல ஏத்தற பொழப்பா? யாரப் பாத்துடா சொன்ன?" பளார் என்று அறைந்தாள் இடி. பதினொரு வருடத்து நல்ல பெயர் அந்த அடியில் இருந்தது. மெக்கானிக்கின் தலை ஒரு பக்கம் திரும்பியது. திரும்பிய பக்கத்தில் உள்ளறைக் கதவு திறந்திருந்தது. அங்கே கம்ப்யூட்டர் திரையில் பெரிதாகக் கறுப்புக் குதிரைப் படம். அதன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு குச்சி.

இரண்டே எட்டு. மெக்கானிக் உள்ளே போய் குச்சியின் வலது கையைப் பிடித்து, மேஜை டிராயரை இழுத்து, கையை உள்ளே வைத்து, இடுப்பால் மூடினான். சுள்ளி ஒடிகிற மாதிரி இரண்டு சத்தம். குச்சியின் அலறல் பட்டறைவரை போயிற்று. "இன்னும் எட்டு இருக்கு தம்பி" என்றான் அதே தாலாட்டுக் குரலில். இடது கையைப் பிடித்தான்.

இடிக்குக் கண்ணுக்கு முன்னால் தம்பி மட்டும்தான் தெரிந்தான். மேஜையிலிருந்த பழுப்புக் கீபோர்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குள் பாய்ந்தாள். தம்பியை இழுத்துக்கொண்டு திரும்பியவனின் வாயில் நேராக இறக்கினாள். பல் தெறித்தது. அவன் அலமாரிமேல் போய் விழ, அலமாரி சரிந்தது. பதினொரு வருடச் சரக்கு, ஆயிரக்கணக்கான பட்டன்கள், அவன்மேல் கொட்டித் தரையெல்லாம் உருண்டன. ரத்தமும் எச்சிலும் பட்டதில் எது பல், எது பட்டன் என்றே தெரியவில்லை. அவன் எழ முயன்றான். அவள் மறுபடி ஓங்கினாள். அவன் அவள் காலை வாரினான். இருவரும் பட்டன் குவியலில் புரண்டார்கள். அவன் முழங்கை அவள் புருவத்தைப் பிளந்தது. அவள் அவன் காதைக் கடித்தாள்.

புரண்ட வேகத்தில் அவள் முகம் திரைக்கு நேராக வந்தது. ஒற்றைக் கண்ணில் ரத்தம். இன்னொரு கண்ணால் படித்தாள். 'டேய் நொண்டிக் குதிரை' என்று அவளே எழுதியது. அதற்குக் கீழே பாதி அடித்து நிறுத்திய பதில்: 'மதிப்பிற்குரிய அம்மணி'.

கடித்த வாய் திறந்தது. மெக்கானிக்கை விட்டுவிட்டு எழுந்தாள்.

"நீயா?"

"அக்கா, மொதல்ல சொல்றதக் கேளு..."

"எத்தன ஏலத்துல?"

"பாதிக்கு மேல இருக்கும்க்கா. ஏத்தி விட்டாத்தானே நாலு பேர் பாப்பாங்க? எல்லாரும் பண்றதுதான்."

"அந்த மொதல் ஏலம்? நாலு பேர் அடிச்சிக்கிட்டாங்களே?"

குச்சி உடைந்த விரல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். "அதுல... மூணு நான்."

இடி அவன்மேல் பாய்ந்தாள். அது அடி இல்லை, துவம்சம். அறை, குத்து, முழங்கால், கடைசியில் ஒயரைச் சுற்றிக் கழுத்தைப் பிடித்துவிட்டாள். குச்சியின் முகம் ஊதா நிறமானது. அவனைக் கொல்ல வந்தவனே தவழ்ந்து வந்து அவள் இடுப்பைக் கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. "விழுங்கக்கா! ஷெத்துழுவான்! ஏழ்கெனவே கை ஒழஞ்சிருக்கு!" முன்பற்கள் இல்லாத வாயில் அவ்வளவுதான் வந்தது.

கம்பியோடு மாடியேறி வந்த வெல்டர் வாசலில் அப்படியே நின்றுவிட்டான். "யாரை அடிக்கணும்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்" என்றான். பிறகு மூன்று பேரையும் ஒரே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போலீஸ் வேண்டாம் என்பதில் மட்டும் மூவரும் ஒற்றுமை. தையல் போடும் வரிசையில் இடியும் மெக்கானிக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவனுக்கு உதட்டில் ஏழு, அவளுக்குப் புருவத்தில் நாலு.

"உங்க பொருளு நல்ல பொருளுக்கா" என்றான் அவன், பஞ்சைக் கடித்துக்கொண்டு. "அதுதான் வயித்தெரிச்சல்."

"நல்லதா கெட்டதான்னு எனக்கே இப்போ தெரியலயே" என்றாள் இடி.

அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவளே உட்கார்ந்து அந்தப் பழுப்புக் கீபோர்டை ஏலத்தில் போட்டாள். தானே எழுதினாள்: 'முன் விளிம்பில் ரெண்டு பல் தடம். சந்து பொந்துகளில் கொஞ்சம் ரத்தம், போகவில்லை. எல்லாப் பட்டனும் வேலை செய்கிறது. இதுவரை நான் விற்றதில் பாதிக்கு மேல் என் தம்பி கள்ளப்பேரில் விலை ஏத்தியது. எனக்குத் தெரியாது. தெரிந்ததும் அடித்துவிட்டேன்.' ஆரம்ப விலை, வெப்சைட் அனுமதிக்கிற அடிமட்டம்.

அந்த வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குக் கணக்கில்லை. வெப்சைட்காரன் அவள் பெயர் பக்கத்திலிருந்த 'நம்பகமானவர்' என்ற பச்சை முத்திரையைப் பிடுங்கினான். வீடு தெரியும், கொளுத்துவேன் என்று ஒருவன். கையை வெட்டுவேன் என்று இரண்டு பேர். புதன்கிழமை ஒரு பார்சல் வந்தது. திறந்தால், நாலு வருடம் முன்னால் அவள் விற்ற கீபோர்டு, சுத்தியலால் அடித்துப் பொடியாக்கியது. கூடவே ஒரு சீட்டு: 'இப்படித்தான் உனக்கும்.' இடி அந்தப் பொடியைக் கொட்டி, ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். பழுப்புக் கீபோர்டுக்கு மட்டும் ஒருத்தனும் விலை கேட்கவில்லை.

ஞாயிறு, மணி இரண்டு ஐம்பத்தைந்து. கேட்டவர்கள்: பூஜ்யம். இடி தரையில் உட்கார்ந்திருந்தாள். குச்சி எதிரில், வலது கையில் மாவுக்கட்டு, கழுத்தில் ஒயர் தடம்.

ஐம்பத்தெட்டு. பொறுமைசாலி கேட்டான். அடிமட்ட விலை.

"ஒருத்தன்" என்றாள். "அதுவும் நான் பல்லப் பேத்தவன். பரிதாபப்படறான்."

ஐம்பத்தொன்பது. ஈயம் என்று ஒரு புதுப்பெயர் மேலே வந்தது. விலை இரட்டிப்பு.

இடி எதிரில் இருந்தவனின் சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டாள். "மறுபடியுமாடா?"

"அக்கா! போன் உன் கையில, கம்ப்யூட்டர் அணைஞ்சு கெடக்கு, என் கை மாவுக்கட்டுல! மூக்காலயா கேப்பேன்?"

பொறுமைசாலி ஏறினான். ஈயம் ஏறினான். ஈயத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்: ஒன்பது வருடமாக ஊரெல்லாம் வாங்கியவன், இவளிடம் ஒன்றுகூட வாங்கியதில்லை. ஸ்பீக்கரில் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். "அவன் உங்க ஆளா?"

"நான் கேக்க வேண்டியத நீங்க கேக்கறீங்க! எவங்க்கா அவன்? இருங்க, இருங்க, இவன இப்ப..."

பத்து விநாடி. மறுமுனையில் மூச்சு மட்டும். ஐந்து. மூன்றாவது விநாடியில் ஈயம் கழுத்தறுத்தான். ஏலம் முடிந்தது.

அப்புறம் காதில் விழுந்தது தாலாட்டுக் குரல் இல்லை. "டேய்ய்! எவன்டா நீ? என் வாயில பட்ட பொருள்டா அது! என் பல்லு பதிஞ்சதுடா! நீ மட்டும் என் கையில கெடைச்ச, கொடல உருவி லிஃப்ட்டுக்குக் கயிறாக் கட்டுவேன்டா!" எதையோ உதைக்கிற சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம். தைத்த உதடு பிரிந்திருக்க வேண்டும், வார்த்தைகள் கொழகொழவென்று வந்தன.

குச்சி பயந்துபோய், போனை வைத்துவிடு என்று சைகை காட்டினான். இடி அவன் கையைத் தட்டிவிட்டாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள். "அவன வேற என்ன பண்ணுவீங்க? நிறுத்தாதீங்க, சொல்லுங்க."