படுத்தவர் கண்ணில் பட்ட பலகை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் எக்ஸ்பிரஸ். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது வேலை. மற்றவர்கள் லிஃப்டுக்காக நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் சரிவுப் பாதை வழியாக ஆளை இறக்கி, ஆபரேஷன் தியேட்டர் பக்கம் கொண்டு சேர்த்துவிடுவாள். சக்கரம் சுவரில் உரசாது, மூலையில் இடிக்காது. கண் எப்போதும் தரையில்தான் இருக்கும்.

வேகம் மட்டுமல்ல, அவளுக்கு மூளையும் உண்டு. முன்பெல்லாம் தியேட்டர் வாசலில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும், நர்சுகள் கத்துவார்கள். நடைபாதை கொஞ்சம் அகலமாகிற திருப்பத்தில், சுவரோரமாக நிறுத்தி வைத்தால் எதிரே வருகிறவர்களுக்கு வழி கிடைக்கும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். பெரிய டாக்டரே நின்று பாராட்டினார். அன்றிலிருந்து எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். அந்தப் பாராட்டுக்குப் பிறகு அவள் கால் தரையில் பாவவில்லை என்று லிஃப்ட்காரர் இன்னும் கிண்டல் செய்வார்.

அந்த மூளை வீட்டில் மட்டும் செல்லுபடியாகவில்லை. கூடவே இருக்கும் தங்கைக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. துணிக்கடையில் நாளெல்லாம் நின்று விற்கிறவள். மூட்டை மாற்ற அதே ஆஸ்பத்திரியில் நாள் குறித்து, அக்காவே தள்ளிக்கொண்டு போய்த் தியேட்டர் பக்கம் விட்டாள். ஆனால் மேஜையில் ஏற்றியதும் ரத்த அழுத்தம் எகிறிவிட்டது என்று கத்தி வைக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு சரி, இனி அந்தக் கட்டடத்தில் கால் வைக்க மாட்டேன் என்று தங்கை உட்கார்ந்துவிட்டாள். அக்கா கெஞ்சினாள், திட்டினாள், பேசாமல்கூட இருந்து பார்த்தாள். வாயைத் திறந்து காரணம் சொன்னால்தானே? இப்போது படி ஏறவே சுவரைப் பிடிக்கிறாள். நிற்க முடியாதவளை எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று கடை முதலாளியும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி வைத்தார்கள். வேலையில் புதிதாக யோசிப்பது எப்படி என்று சொல்லித்தர ஓர் அம்மாள் வந்தார். தினமும் செய்கிற வேலையை இதுவரை நிற்காத இடத்திலிருந்து பாருங்கள், அங்கேதான் யோசனை ஒளிந்திருக்கும் என்றார். சலவைப் பிரிவில் டீ இன்னும் சூடாக வேண்டும் என்பதற்கு மேல் ஒரு யோசனையும் ஒளிந்திருக்கவில்லை. எக்ஸ்பிரஸுக்கு மட்டும் ஒரு குறும்பு தோன்றியது. நின்று தள்ளுகிறவள் நிற்காத இடம் என்றால் படுக்கைதானே? அவள் ஏறிப் படுத்துக்கொண்டு, லிஃப்ட்காரரைத் தள்ளச் சொன்னாள். ஓசி சவாரி என்று அவர் சிரித்துக்கொண்டே தள்ளினார்.

சரிவில் இறங்கும்போதே சிரிப்பு போய்விட்டது. வயிறு தொண்டைக்கு வந்தது. விளக்குகள் மேலே ஓடி ஓடி மறைந்தன. தள்ளுகிறவர் தலைமாட்டில் இருந்ததால் முகம் தெரியவில்லை. எதிரே வந்த இருவர் அவள் நெஞ்சுக்கு மேலேயே குனிந்து மத்தியானம் என்ன சாப்பாடு என்று பேசிவிட்டுப் போனார்கள். இதுதான் தன்னுடைய வேகமா என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது.

பிறகு வண்டி நின்றது. வழக்கமான இடம்தான், அவள் கண்டுபிடித்த இடம். கால்மாட்டுக்கு நேர் எதிரே, கூரையிலிருந்து ஒரு பலகை தொங்கியது. பிணவறை என்று பெரிய எழுத்து. பக்கத்தில் நேராகப் போகச் சொல்லும் அம்புக்குறி.

தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சுவர். படுத்தவர் பார்க்க அங்கே வேறு எதுவுமே இல்லை. ஆபரேஷனுக்குப் போகிற ஒவ்வொருவரையும், சின்னப் பிள்ளைகளைக்கூட, தியேட்டர் கதவு திறக்கிறவரை இதைப் படித்துக்கொண்டிருக்க விட்டிருக்கிறாள். அதற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறாள். பேயறைந்த முகத்தைப் பார்த்து லிஃப்ட்காரர் பயந்துபோனார். அப்போதுதான் தங்கையின் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கை முன்னால் உட்கார்ந்து, அந்தப் பலகையைப் பார்த்தாயா என்று கேட்டாள். தங்கை மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"பாத்தேன். அங்க நிறுத்தினது நீதானேக்கா. டாக்டர் உன்கிட்ட ஏதோ சொல்லியிருக்காரு, எனக்குச் சொல்ல உனக்கு வாய் வரல, அதான் இங்க நிறுத்திட்டுப் போறேன்னு நெனச்சேன்."

அன்று அவளை அங்கே விட்டுவிட்டு அடுத்த நோயாளியை எடுக்க ஓடினோம், ஒரு வார்த்தை பேசாமல் ஓடினோம் என்பது எக்ஸ்பிரஸுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அங்க ஒரு பலகை இருக்கறதே எனக்குத் தெரியாதுடி."

இப்போது தங்கை அதிர்ந்தாள். அக்கா முகத்தையே வெறித்தாள். "தெரியாதா? தினம் அதுக்குக் கீழதானே போய்ட்டு வர்ற?"

எக்ஸ்பிரஸுக்கு அழுகைதான் வந்தது. ஒரு பலகைக்காக இத்தனை மாதம் ஒருத்தி வலியைத் தின்றுகொண்டிருந்தாள், இன்னொருத்தி கோபித்துக்கொண்டு திரிந்தாள்.

மறுநாள் ஆபீசில் போய்ச் சொன்னாள். அங்கிருந்தவர் பலகையை எத்தனையோ முறை பார்த்தவர்தான். அவரையும் ஸ்ட்ரெச்சரில் படுக்கச் சொன்னாள். படுத்து எழுந்தவர் ஆளைக் கூப்பிட்டுக் கையோடு பலகையைக் கழற்றச் சொன்னார். வழி கேட்டு வருகிறவர்களுக்குப் பக்கச் சுவரில் சின்னதாக ஒன்று மாட்டினார்கள்.

தங்கை ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. அக்கா தள்ளக் கூடாது, முகம் தெரிகிற மாதிரி பக்கத்தில் நடந்து வர வேண்டும். லிஃப்ட்காரர் தள்ளினார், மெதுவாக. திருப்பத்தில் வண்டி காத்திருக்க வேண்டியதாயிற்று. மேலே இரண்டு கொக்கிகள் மட்டும் வெறுமனே இருந்தன. எக்ஸ்பிரஸால் அவற்றை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பழக்க தோஷம், கண் தரைக்குப் போய்விட்டது.

"கீழ என்ன பாக்குற? என்னைப் பாரு," என்றாள் தங்கை.

அவள் பார்த்தாள். தியேட்டர் கதவு திறக்கிறவரை கண்ணை எடுக்கவில்லை.