அக்காவுக்கு ஒன்று, எனக்கு இரண்டு

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், சென்னையிலிருந்து வந்திருந்த என் அக்கா, அக்கா வீட்டுக்காரரான மாமா, கடலை உரிக்க வந்த பக்கத்து வீட்டு அண்ணி. ஐந்து பேர், அவ்வளவுதான். பிற்பாடு தெருவில் ஆளாளுக்குத் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். இல்லை. நான் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் அந்த நாலு பேர்தான்.

அக்காவும் மாமாவும் காலை வெயில் ஏறுவதற்குள் ராஜகிரிக் கோட்டை மலையில் ஏறி இறங்கிவிட்டு வந்திருந்தார்கள். உச்சியில் நின்று எடுத்த போட்டோவை அக்கா போனில் காட்டினாள். நான் செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கோட்டையில் டிக்கெட் கொடுக்கிற இடத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை. மாட்டை யார் பார்ப்பது, பால் ஊற்றப் போகிற நேரம் தவறிவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு முறையும் ஒரு கவலை வந்து காலைக் கட்டிவிடும். அக்கா மார்பில் ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் ஏறிவிட்டாள்.

அக்காவுக்கு வந்தது கேன்சர். அந்த வார்த்தையை அவள் காபி என்று சொல்வதுபோலச் சொல்வாள். எங்கள் அம்மாவும் அதில்தான் போனாள். அவலூர்பேட்டைப் பக்கம் எங்கள் பிறந்த ஊர். அங்கே யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. புண் என்றார்கள், பால் கட்டினது என்றார்கள், கடைசியில் செய்வினை என்றுகூடச் சொன்னார்கள். துணியில் ரத்தம் ஊறிய பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். அக்காவுக்கு அப்படி இல்லை. மாமா வேலை பார்க்கும் கம்பெனியில் வருடா வருடம் குடும்பத்தோடு செக்கப் செய்வார்கள். அதில் மிளகு அளவுக்கு ஏதோ இருப்பதாகப் படத்தில் தெரிந்தது. தொட்டுப் பார்த்தால்கூடத் தட்டுப்படாதாம். அதை மட்டும் எடுத்துவிட்டு, கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்து, அனுப்பிவிட்டார்கள். முடி ஒன்றுகூடக் கொட்டவில்லை.

"டாக்டரம்மா என்னக் கேட்ட மொதக் கேள்வியே, கூடப் பொறந்தவங்க இருக்காங்களான்னுதான். தங்கச்சி இருக்கான்னேன். அம்மாவுக்கும் இருந்திருக்குது, தங்கச்சியயும் கூட்டிம் வந்து காட்டிடுன்னாங்க. அதுக்குதான் வந்தேன்," என்றாள் அக்கா.

வீட்டுக்காரர் அவளுக்காக இளநீர் சீவிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் ஒங்க பட்டணத்து வியாதி. காத்து கெட்டுப் பூட்ச்சி, தண்ணி கெட்டுப் பூட்ச்சி, எல்லாத்தயும் பாக்கெட்ல வாங்கித் துன்றீங்க. இங்க இன்னா இருக்குது? நல்ல காத்து, நம்ம பாலு."

"வர்றது எங்க பக்கம் ஜாஸ்தின்னே வெச்சிக்குங்க தம்பி. சாவறது ஒங்க பக்கம்தான். எங்க அபார்ட்மெண்ட்ல எனக்கு முன்னாடி மூணு பேருக்கு வந்துச்சி. மூணு பேரும் தெனம் காலைல எனக்கு முன்னாடி வாக்கிங் போறாங்க. ஒங்க தெருவுல யாருக்கு வந்துச்சி, சொல்லுங்க பாக்கலாம்."

அவர் அடுத்த இளநீரை எடுத்தார். பக்கத்து வீட்டு அண்ணிதான் யோசித்துச் சொன்னாள். "கோடி வூட்டுக் கெழவி... ரைஸ் மில்லுக்காரர் பொண்டாட்டி... அப்பறம் அந்த டெய்லரு, தொண்டையில."

"அவங்கல்லாம் இப்ப எங்க?"

"எங்க? மேலதான்," என்று அண்ணி கையிலிருந்த கடலைத் தோலால் கூரையைக் காட்டினாள்.

மாமா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமும் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். கண்ணால் பார்த்திராத அந்த மூன்று பெண்கள் கால் நிறைய ஷூ போட்டுக்கொண்டு காலையில் நடந்து போவது தெரிந்தது. வயிறு எரிந்தது. எங்கள் அம்மா மட்டும் அந்த அபார்ட்மெண்டில் பாத்திரம் தேய்க்கவாவது போயிருந்தால், நாலாவது ஆளாக நடந்திருப்பாளே என்று இருந்தது.

இதற்குள் அண்ணி உரித்த கடலையில் ஒரு கை அள்ளி அக்கா மடியில் போட்டாள். "எளச்சிட்டியேம்மா, துன்னு." வீட்டுக்காரர் இரண்டாவது இளநீரையும் அவளிடமே நீட்டினார். "குடிங்க, ரத்தம் ஊறும்." எனக்கு ஒருநாளாவது இந்த மனுஷன் இளநீர் சீவித் தந்ததுண்டா? எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிப்பிலும் அவள்தான், மாப்பிள்ளையிலும் அவள்தான், இப்போது வியாதியிலும் அவள்தானா?

"எனக்குந்தான் கட்டி இருக்குது," என்றேன்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. பொங்கலுக்கு முன்பிருந்து அது எனக்குள் இருந்தது. குளிக்கும்போது கடலைப் பருப்பு போலத் தட்டுப்பட்டது. சினை மாடு ஒருநாள் முட்டியிருந்தது, அந்த வீக்கம்தான் என்று நானே முடிவு செய்து மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டேன். பஜாரில் மருந்துக் கடையிலும் மாடு முட்டியது என்றே சொன்னேன், களிம்பு கொடுத்தார்கள். வலி இல்லை. வலி இருந்தால்தானே வியாதி. கேஸை மூடினேனா, ரேஷன் கார்டை எங்கே வைத்தேன், கரண்ட் பில்லுக்குக் கடைசி நாள் எது என்று எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் இதற்கு மட்டும் ஏன் ஓடவில்லை என்று கேட்கலாம். பயந்ததால்தான் ஓடவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி.

அக்கா மடியிலிருந்த கடலை தரையில் சிதறியது. என்னைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அவள் கை அந்த இடத்தில் பட்டதும் நின்றுவிட்டது. வெளியே வந்து வீட்டுக்காரரிடம், "துணி எடுத்து வைங்க தம்பி, இப்பவே கூட்டிம் போறேன்," என்றாள்.

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

எங்கள் ஊர் திரௌபதி அம்மனுக்கு அப்போதுதான் கொடி ஏறியிருந்தது. கொடி ஏறிக் காப்புக் கட்டிவிட்டால், தீ மிதித்துக் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊர்க்காரர்கள் வெளியில் ராத் தங்கக்கூடாது. அவர் தீ மிதிக்கிறவர். அந்த வீட்டுப் பெண்பிள்ளை நான். தங்கினால் தீ சுடும் என்பார்கள்.

"ராத் தங்கக்கூடாது, அவ்ளோதானே? பகல்ல போயிட்டு வரக்கூடாதுன்னு எந்தச் சாமியும் சொல்லலயே," என்றாள் அக்கா. மாமாவை ஊருக்கு அனுப்பிவிட்டு அவள் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் இருட்டோடு சென்னைக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா பார்த்தார், படம் எடுத்தார்கள். நாளைக் காலையில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், தங்கிவிடுங்கள் என்றார். முடியாது, காப்புக் கட்டியிருக்கிறது என்றேன்.

"யாருக்கு, உங்களுக்கா?"

"ஊருக்கு."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கெஞ்சினாள், திட்டினாள். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் நின்று அழுதாள். "சாமி ஒன்னத் தேடினு ஒக்காந்திருக்காதுடி, ஒரு நாள்தான்டி." நான் திண்டிவனம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். அம்மன் மேல் எனக்குப் பயம் உண்டு, பொய்யில்லை. ஆனால் அதற்கும் மேலே, அந்த ஊசியைத் தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்ததில் நெஞ்சு லேசாக இருந்தது. அழுகிற அக்காவைப் பார்த்து அப்போதும் பொறாமைதான். அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது, தெம்பாக அழுகிறாள்.

தீமிதியன்று வீட்டுக்காரர் குழியில் இறங்கி ஏறி நேராக என்னிடம் வந்து, உட்கார்ந்து, பாதத்தைத் திருப்பிக் காட்டினார். "பாரு, ஒண்ணும் ஆவல. ஒனக்கோசரம்தான் எறங்கனேன். காப்ப அவுத்துட்டா மொத பஸ்ஸு, நானே கூட்டிம் போறேன்." பட்டணத்து வியாதி என்று சொன்ன வாய். அந்த வார்த்தையை அதன்பிறகு அவர் சொல்லவில்லை.

சொன்னபடியே கூட்டிக்கொண்டு போனார். ஊசி போட்டார்கள். முடிவு வந்தது. இரண்டாம் கட்டம் என்றார் டாக்டரம்மா.

"எங்க அக்காவுக்கு எத்தினி?" என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்த கேள்வி அதுதான்.

"அவங்களுக்கு ஒண்ணு."

பள்ளிக்கூடத்திலும் இதே கதை. அக்கா பன்னிரண்டாவது பாஸ். நான் எட்டாவதோடு நின்று மாடு மேய்க்கப் போனவள். "காப்புக்குக் காத்திருந்தேனே, அதனாலயா ரெண்டாச்சி?" என்று கேட்டேன். "அதனாலன்னு சொல்ல மாட்டேம்மா. பொங்கலுக்கே வந்திருந்தா ஒண்ணா இருந்திருக்கலாம். இன்னும் ஒரு வருஷம் மூடி வெச்சிருந்தா நான் இப்படி உக்காந்து பேசிட்டு இருக்க மாட்டேன்," என்றார். அது ஆறுதலா திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அவளுக்கு மிளகை மட்டும் எடுத்தார்கள். எனக்கு ஒரு பக்கம் முழுக்க எடுத்தார்கள். அவளுக்கு மருந்து ஏற்றவில்லை. எனக்கு மாதக்கணக்கில் ஏற்றினார்கள், புருவம் உட்படக் கொட்டியது. ஒவ்வொரு முறையும் அக்கா வீட்டில்தான் போய்க் கிடப்பேன். அவள் தலை நிறைய முடியோடு எனக்குக் கஞ்சி எடுத்து வருவாள். ஒருநாள் பார்த்தால் வீட்டில் சீப்பைக் காணோம், குளியலறைக் கண்ணாடியைக் காணோம். எனக்காக ஒளித்து வைத்திருக்கிறாள். அதில் எனக்கு இன்னும் கோபம் வந்து கஞ்சியைத் தள்ளிவிட்டேன்.

"எம்மேல இன்னாடி கோவம் ஒனக்கு?"

"ஒனக்கு முடி இருக்குது."

அவள் தன் தலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "நானும் வழிச்சிக்கட்டுமா?" என்றாள்.

"வாணாம். மாமா பயந்துடுவாரு."

ரெண்டு பேரும் சிரித்தோம். தையல் போட்ட இடம் இழுத்தது. கஞ்சியை அவளே துடைத்தாள்.

மருந்து முடிந்து தலையில் துண்டு கட்டிக்கொண்டு செஞ்சிக்கு வந்த அன்று பக்கத்து வீட்டு அண்ணி சாத்துக்குடியோடு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒனக்கு இன்னாடி, பட்டணத்துல அக்கா வெச்சிருக்கிற, பொழச்சிக்கின. எங்களுக்கெல்லாம் யாரு இருக்கா?"

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். என்னுடையது. என்னைப் பார்த்தும் ஒருத்தி வயிறெரிகிறாள் என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் போன பிறகு கவலை பிடித்துக்கொண்டது. அவள் ஏன் அப்படிக் கேட்டாள், அவளுக்கும் ஏதாவது தட்டுப்பட்டிருக்குமோ? மறுநாளே போய், "அண்ணி, நீயும் ஒரு தடவ காட்டிடு," என்றேன். "சீ, எனக்கு இன்னா கேடு," என்றாள். விடவில்லை. நச்சரித்து, செஞ்சியிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் நர்ஸம்மா முன்னால் உட்காரவைத்தேன். ஆட்டோவுக்கு மட்டும்தான் செலவு. இத்தனை வருடம் பால் கேனோடு நான் அந்த வாசலைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். நன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார்கள். எனக்குச் சந்தோஷம்தான். திரும்பி வரும் வழியில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன். போவதற்கு முந்தின வாரம் சோறு இறங்காது. இதுவரை ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில் ஆகிவிட்டது. வெளியில் எடுத்த ஸ்கேன், வாங்கிய ஊசி, மருந்து எல்லாம் அக்கா கொடுத்த பணம். அவள் கணக்கு வைக்கவில்லை. நான் வைத்தேன், ஐம்பதாயிரம். ஆபரேஷன் ஆன பக்கம் என்று வலது கையால் கனம் தூக்கக்கூடாது என்பதால் வீட்டுக்காரர்தான் கறக்கிறார். பால் பணம் வரும்போதெல்லாம் அதில் கொஞ்சம் அக்காவுக்கு அனுப்பிவிடுகிறேன்.

"அனுப்பாதடி, யாரு கேட்டா ஒன்ன?" என்று ஒவ்வொரு முறையும் போனில் சண்டை போடுகிறாள்.

அவளுக்குப் புரியாது. அன்றைக்கு அந்த இளநீரைப் பார்த்து வயிறெரியாமல் இருந்திருந்தால், நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அம்மா போன வழியில் போயிருப்பேன். பொறாமைதான் என்னைப் பிழைக்க வைத்தது, அதைக் கைவிட எனக்கு மனசில்லை. ஆனால் கடன்காரியாக இருந்துகொண்டு கடன் கொடுத்தவளைப் பார்த்து நிம்மதியாகப் பொறாமைப்படவும் முடியவில்லை. போன வாரம்கூட ஏதோ மலையில் ஏறி நின்று போட்டோ அனுப்பியிருக்கிறாள். பார்த்துவிட்டு, நல்லா இருக்குது என்று பதில் போட்டேன். வேறு என்ன சொல்வது? இன்னும் அவளுக்குப் பாக்கி இருபத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.